பெரிய இன்ஜின், பழைய பிரேக்

8 ஜூலை 2003, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். ஷெட்டில் ஃபேன் ஓடியும் பிரயோஜனம் இல்லை.
அக்காள் வீட்டுக்காரரின் சின்ன கார். மாமாவுக்குத் திருவிடந்தையில் மீன் வியாபாரம். ரெண்டு ஐஸ் பெட்டி ஏற்றினால் வண்டி இழுக்கவில்லை என்று ஒரு வருஷமாகப் புலம்பல்.
1300 சிசி இன்ஜினை, கியர்பாக்ஸோடு, குறுக்குவாட்டில் இறக்கிப் பார்த்தோம். ரெண்டு விரல் அகலத்துக்கு இடிக்கிறது. எண்ணூறு சிசிக்குச் செய்த இடம், வேறென்ன ஆகும். பேட்டரியைப் பின்னால் தள்ளியாச்சு. உள்தகட்டைத் தட்டி இடம் பண்ணணும்.
கூட வேலை செய்யும் காசி சிரிக்கிறான். "இன்னா அண்ணாத்த, பையன் சட்டைல பெரியப்பாவ நொழைக்கிற?"

9, புதன்
உட்கார்ந்துவிட்டது! மவுண்டிங் புதுசாக வெல்டிங். ஆக்சில் ரெண்டும் நீளம் வேறு வேறு, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கும். பழகிக்கலாம்.
பாக்கி: ஒயரிங், சைலன்சர், பிரேக். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.
பிரேக்தான் பேஜார். பெரிய டிஸ்க் செட் 19ந்தேதிதான் வருமாம்.
காசி: "அது வர்ற வரிக்கும் வண்டிய குட்க்காத. இஞ்சின் பெர்சு, பிரேக்கு அதே பழசு கீது."
17ல் ஆடி பிறக்கிறது. ஆடியில் அக்காள் வண்டியை வாசலில் சேர்க்க மாட்டாள். ஒரு வாரம் தள்ளினால் ஒரு மாசம் தள்ளின மாதிரி.

11, வெள்ளி
வளர்பிறை. பத்தரைக்கு ராகுகாலம். 10.10க்கு எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி வெளியே. அக்காளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாமா ஒரு ரவுண்டு போய்வந்து கட்டிப்பிடித்தார். "மச்சான், ராக்கெட்டுடா!"
பிரேக் விஷயம் வாய் வரைக்கும் வந்தது. "கொஞ்ச நாள் மெதுவா ஓட்டுங்க மாமா" என்றதோடு சரி. அது எல்லாரும் சொல்வதுதானே. முழுசாகச் சொல்லப் பெருமை விடவில்லை. காசி பூசணிக்காய் உடைக்கக்கூட வெளியே வரவில்லை.

13, ஞாயிறு
நேற்று காலை. ஈசிஆர், கோவளம் தாண்டி. முன்னால் டூரிஸ்ட் பஸ் நின்றிருக்கிறது. மாமா மிதித்திருக்கிறார். நிற்கவில்லை. ஸ்டீரிங்கை ஒடித்ததில் சவுக்கு மரத்தில் மோதல்.
மாமாவுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்து சீட்டில் அக்காள். பின்னாலிருந்த ஐஸ் பெட்டி வந்து மோதி அவள் வலது தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. அந்தக் கையால் இனிமேல் மீன் கூடை தூக்க முடியாது என்கிறார் டாக்டர்.
வண்டியைப் போய்ப் பார்த்தேன். பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்துக் கிடக்கிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாமா நேரத்துக்குத்தான் மிதித்திருக்கிறார், பழைய பிரேக்தான் தாங்கவில்லை. காசிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.
சாப்பிடவில்லை.

16, புதன்
தூறல். மத்தியானம் ஆஸ்பத்திரி. அக்காள் நாலு நாளாக மாமாவோடு பேசுவதில்லை. சொந்தமெல்லாம் அவரைத்தான் ஏசுகிறது. சித்தி, அவர் காதில் விழவே: "பெரிய இஞ்சின் கெடச்சதும் கண்ணு மண்ணு தெர்ல."
அக்காள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வேலய ஒர்த்தரும் கொற சொல்லக் கூடாது தம்பி. இவுருக்குத்தான் நிதானமில்ல."
அங்கேயே சொல்லியிருக்கணும். காபி வாங்கிவருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். கோழை.
படியில் மாமா தனியாக. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "ராப்பகலா பாடுபட்டு பண்ணிக் குட்த்த வண்டி. நாந்தான் லேட்டா மிதிச்சி நாசம் பண்ணிட்டேன். மன்னிச்சுக்க மச்சான்."
"பரவால்ல மாமா" என்றேன்.