கைக்கும் ஒரு கோப்பை

ஜனவரி 5
எங்கள் ஷூ வாங்கும் ஸ்வீடன் பையர், குடியரசு தின விளையாட்டு விழாவுக்குக் கோப்பை அனுப்பியிருக்கிறார். அதில் ‘ஈத்ரொட்’ என்று பொறித்திருக்கிறது. விளையாட்டு என்று பொருளாம். கம்பெனி வெல்ஃபேர் ஆபீசர் நான்தானே? இந்த வருடமும் எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் வாங்க வேண்டும்.

ஜனவரி 8
தையல் பிரிவு ஜஹீதா மூன்றாவது தடவையாகத் தோல் தரம் பார்க்கும் செலக்‌ஷனுக்கு மாற்றல் கேட்டாள். அங்கே மேஸ்திரியான கலீமுல்லா பாய் மனுவைப் பிரிக்கவே இல்லை. “பொம்பளைங்களுக்கு ஆவாது மேடம். பேஜார் புடிச்ச வேல.”
அதில் என்ன பேஜார்? தோலைத் தடவித் தரம் சொல்லணும். மூட்டையா தூக்கணும்?
பதினோரு வருடமாகத் தைக்கிறாள். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் மெஷினில் வைப்பாள். மாட்டை உண்ணி கடித்த தழும்பு சாயத்துக்கு அடியில் இருந்தாலும் தப்பாது. என்ன கை அது!

ஜனவரி 9
கோப்பையில் இருந்த அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். செயல், வலிமை — இரண்டு பழைய சொற்கள் சேர்ந்தது என்கிறார்கள். அந்தக் காலத்தில் இரும்படிப்பது, பாட்டுக் கட்டுவது, பலகையில் காய் நகர்த்தி ஆடுவது, கைதேர்ந்த எல்லாமே அதில் அடக்கமாம். எவ்வளவு பெரிய மனசு அந்தச் சொல்லுக்கு! அப்புறம்தான் ஓட்டம், தாண்டல் என்று சுருங்கியிருக்கிறது.
நான் ஏன் எலுமிச்சம்பழம் வாங்குகிறேன்?

ஜனவரி 12
நான் சொன்ன புதுப் போட்டிக்கு மேனேஜர் ஒப்புக்கொண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துத் தோலுக்குத் தரம் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம்.
பாய் சிரித்தார். ஜஹீதா சிரிக்கவில்லை. “தோத்துட்டேன்னா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது மேடம்?”


ஜனவரி 26
ஒன்பது தோல் வரை பாயும் ஜஹீதாவும் சரியாகச் சொன்னார்கள். பத்தாவது தோலை பாய் ‘ஃபர்ஸ்ட்’ தரம் என்றார். ஜஹீதா, “செகண்டு. கழுத்துப் பக்கம் ஒரு தழும்பு இருக்குது.”
மேனேஜர் பட்டியலில் ‘ஃபர்ஸ்ட்’. பாய்க்குக் கோப்பையைக் கொடுத்தும் விட்டார்கள். கைதட்டல். ஜஹீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.
பாய் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தத் தோலிடம் போய், கண்ணை மூடிக் கழுத்துப் பக்கம் தடவினார். மறுபடியும் தடவினார்.
“இருக்குது. இந்தம்மா சொன்னதுதான் கரெக்டு.”
பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஜனவரி 27
ஓட்டப்பந்தயம் வைக்க மறந்தே போனேன். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 16
செலக்‌ஷன் பக்கம் போயிருந்தேன். பாய் ஒரு தோலை வெகுநேரம் தடவினார். எதிர் மேஜைக்குத் தள்ளினார்.
ஜஹீதா ஒரே தடவுதான். “செகண்டு.”
பாய் சாக்பீஸ் எடுத்து ‘2’ என்று எழுதினார்.