பூவிழி எழுதிய கல்யாணப் பந்தி

லைட்ஹவுஸ் குப்பம்,
திங்கட்கிழமை

அன்பு மச்சான் மாசிலாமணிக்கு,

கேசவன் எழுதுகிறேன். போனில் உன் மகள் பூவிழி பெயரை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். காகிதமாக இருந்தால் கடைசி வரை படிப்பாய் என்று உன் தங்கை குணசுந்தரி சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். போர்ட் பிளேரில் உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? இங்கே இரண்டு வாரமாக இறால் பரவாயில்லை. காற்றுதான் சரியில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் குணசுந்தரியும் பழவேற்காட்டில் ஒரு நாடகத்துக்குப் போனோம். பள்ளிக்கூட வாத்தியார் வீரராகவன் உள்ளூர் ஆட்களை வைத்து ஒரு குழு நடத்துகிறார். மீன் ஏலம் விடுகிறவர், தையல்காரர், நர்ஸ் எல்லாரும் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கிறவர்கள். சாப்பாடும் நாடகமும் ஒன்றாகவே நடக்கின்றன. மேடை கிடையாது. மண்டபத்தில் இலை போட்டு நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். கதை ஒரு கல்யாண வீட்டில் நடக்கிறது. சாப்பிட வந்த நாம்தான் கல்யாணத்துக்கு வந்த சனம். நடிக்கிறவர்களே பரிமாறுகிறார்கள். சம்பந்தியாக வந்தவர் சண்டை போட்டுக்கொண்டே எனக்கு இறால் தொக்கு வைத்தார்.

எனக்கு நாம் அந்தக் காலத்தில் போட்ட நாடகங்கள் ஞாபகம் வந்துவிட்டன. நான் ராஜா, நீ ராணி. ராணி வேஷத்துக்காக மீசையை எடுத்துவிட்டு நீ வீட்டுக்குப் போனதும், "யாருய்யா நீ?"னு உன் பெண்சாதி இருசம்மாள் கதவைச் சாத்தினாளே, புண்ணியவதி. படகுப் பாய்த்துணியில் கட்டிய திரை அறுந்து உன் தலைமேல் விழுந்த வருஷம், உள்ளேயிருந்தபடியே நீ அழுகைக் காட்சியை முடித்தாய். விசில் பறந்தது. ஐந்து வயதுப் பூவிழி முன்னால் உட்கார்ந்துகொண்டு, உன் வசனத்தை உனக்கு முன்பே சொல்லிவிடுவாள்.

மச்சான், சனிக்கிழமை மணப்பெண்ணாக வந்து நின்றவள் அவள்தான். எனக்கு முன்பே தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். டேவிட்டை அவள் கட்டிக்கொண்டபோது, வேதக்காரப் பையன் என்று நீ ஒதுங்கினாய். என்னையும் கல்யாணத்துக்குப் போகாதே என்றாய். நானும் போகவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். நாலு வருஷமாகக் கடைத்தெருவில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

பாதிக் கதையில் வீரராகவன் என் பக்கம் வந்து குனிந்தார். பெண்ணின் அப்பாவாக நடிக்கும் தேசப்பன், படகு எஞ்சின் நின்று முகத்துவாரத்தில் மாட்டிக்கொண்டானாம். "அண்ணே, நீங்க பழைய நடிகர். வாசல்ல இருந்து வந்து கடைசி எலையில உக்காந்தா போதும். 'சோறு போடும்மா'னு ஒரே வசனம்"னு கெஞ்சினார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்ன அப்பா, பந்தி நடக்கும்போது வந்து உட்காருவதுதான் கதையின் முடிவு.

மாட்டேன் என்றேன். "அன்னிக்குத்தான் போவல. இன்னிக்காச்சும் போய்யா"னு குணசுந்தரி என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

போய் உட்கார்ந்தேன். சோற்றுக் கூடையோடு வந்த பூவிழி, தேசப்பன் இருக்க வேண்டிய இடத்தில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு அந்த ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா"னுதான் வந்தது. அது கதையில் இல்லாத வசனம். ஆனாலும் உன் மகள் இல்லையா, சமாளித்துவிட்டாள். "சாப்டு, ஆறிடப்போவுது"னு சொல்லிச் சோறு போட்டாள். மடவை மீன் குழம்பு ஊற்றினாள். நடிப்பு என்று நினைத்துச் சனம் கைதட்டியது. நான் தலை தூக்காமல் சாப்பிட்டேன்.

முடிந்ததும் டேவிட் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கதை யார் எழுதியது என்று பூவிழியிடம் கேட்டேன்.

"நான்தான் மாமா. நைனா நெஜத்துல வரல. நாடகத்துலயாவது வரட்டுமேனு எழுதினேன்" என்றாள்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வது மச்சான்? நீதான் சொல்ல வேண்டும்.

போகாதே என்று நீ சொன்னதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தது என் தப்பு. நேற்று இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். மத்தியானம் வரை இருந்தார்கள். உன்னைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், அந்தமானில் இப்போது மழையா என்று கேட்டாள்.

அடுத்த மாதம் எளாவூரில் மறுபடி போடுகிறார்கள். அப்பா வேஷத்துக்கு என்னையே வரச் சொல்கிறார்கள். இன்னும் சரி என்று சொல்லவில்லை. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. நீ வந்து நடிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். வந்து உட்கார். சோறு அவள் போடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடல் அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கப்பல் ஏறு. நல்லபடியாக வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
கேசவன்