நீங்கள் போகாத கூட்டத்தில் உங்கள் கையெழுத்து

என் அன்பு யோகண்ணைக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருசம் ஆகிறது. எங்கள் கரப்பந்துக் கழகத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுத எனக்கு ஏலாது, அண்ணை. உங்களுக்கு எழுதலாம். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். கழகத்தில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர்களும் அறியட்டும்.

முதலில் நல்ல செய்தி. ஜெர்மனி முழுக்க உள்ள தமிழ்க் கழகங்களின் ஒன்றியத்தை விட்டு வந்துவிட்டோம். ரூர் பக்கத்துத் தமிழ்க் கழகங்கள் சேர்ந்து தொடங்கிய புதுச் சங்கத்தில் இந்த மாசியிலிருந்து விளையாடுகிறோம். எந்த மண்டபத்துக்கும் எங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடத் தேவையில்லை. நீங்கள் கடைசி இரண்டு வருசமும் கேட்டுக் கேட்டுக் களைத்தது இதைத்தானே? "சனிக்கிழமை எண்டால் எண்ணூறு கிலோமீற்றர். நாங்கள் பந்து விளையாடப் போறமோ, லொறி ஓடப் போறமோ?" என்று ஒன்றியக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்தத் தை மாதம் தெற்கிலிருந்து விளையாடிவிட்டு வந்தபோது முன்னால் போன வான் வண்டியில் நாங்கள் எட்டுப் பேர். வலையும் பந்துகளும் ஏற்றிக்கொண்டு பின்னால் நீங்கள் தனியாக. சீகன் தாண்டியதும் மலைப்பாதையில் கண்ணாடி உறைந்திருக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அந்த வளைவில் பின்னால் வந்த பாரவண்டி வழுக்கிவிட்டது என்று பொலிஸ் சொன்னது. நாங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் முடித்துவிட்டோம், அண்ணை. ஒன்றும் தெரியாது.

மூன்று கிழமை கழிந்தது. கழகச் செயலாளர் என்று நான் வைத்திருந்த மேசை நாள்காட்டியில் உங்கள் எழுத்தில் "டார்ம்ஸ்டாட், ஒன்றியக் கூட்டம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. அதே பாதைதான். போகிறேன் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்பதால் ஒருவருக்கும் சொல்லவில்லை. செத்தவீட்டுக் கிழமையில் உங்கள் மனிசி வசந்தி அக்கா உங்கள் கறுப்பு யாக்கெற்றை எடுத்து, "குளிர் நாள், நீ போடு" என்று எனக்குத் தந்திருந்தார். அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

போகும் வழியில் அந்த வளைவு வந்தது. நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை, அண்ணை, ஆனால் வண்டி தானாக மெதுவாகியது போல இருந்தது. ஓரத்தில் ஒன்றும் இல்லை. பனி மட்டும் ஒரு ஆள் நின்ற அளவுக்கு உருகிக் கிடந்தது. அங்கே அடியில் ஏதாவது குழாய் ஓடுதோ, என்னவோ.

கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பழைய நிர்வாகம் முழுக்க மாறியிருந்தது. யாரோ கனநேரம் பேசினார்கள், கை தூக்கச் சொன்னார்கள், நானும் தூக்கினேன். எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு ஒரு தாள் கைமாறிக் கைமாறி வந்தது. கழகங்களின் பெயர், பக்கத்தில் பிரதிநிதியின் பெயர் தட்டச்சில். எங்கள் வரியில் உங்கள் பெயர். வெட்டிவிட்டு என் பெயரை எழுதவேண்டும். பேனையை வைத்துப் பார்த்தேன், வெட்ட ஏலவில்லை. பக்கத்தில் இருந்தவர் தாளுக்குக் கையை நீட்டி, "கெதியா, அண்ணை" என்றார். குனிந்து பார்த்தபோது உங்கள் கையெழுத்து அங்கே இருந்தது. அந்த நீண்ட வால், அதன் முடிவில் நீங்கள் வைக்கும் புள்ளி, எல்லாம். நான்தான் போட்டேன். போட்ட ஞாபகம் மட்டும் இல்லை.

வருகைத்தாள் என்றுதான் நினைத்தேன்.

வெயில் காலத்தில் விலகல் கடிதம் அனுப்பினோம். இரண்டு கிழமையில் பதில் வந்தது. விலகும் கழகம் ஐயாயிரம் மார்க் விலகல் கட்டணம் கட்ட வேண்டுமாம். அதைக் கட்டினால் எங்களுக்கு மண்டப வாடகைக்கும் காசு இருக்காது. தலைவர் ஜெயத்தை உங்களுக்குத் தெரியும்தானே, மேசையில் அடித்தான். "நாங்கள் சேரேக்கை இப்பிடி ஒரு விதி இல்லை. டார்ம்ஸ்டாட்டில தீர்மானம் போட்டவையாம், கையெழுத்து வைச்ச கழகங்களை மட்டும்தான் அது கட்டுப்படுத்துமாம். அந்தக் கூட்டத்துக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் போகேல்லைத்தானே?"

எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அந்தத் தாள் வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றியம் வழக்குப் போட்டது. நீதிமன்றக் கடிதங்கள் உங்கள் பெயருக்கு, உங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. கழகப் பதிவில் உங்கள் பெயரை மாற்ற நான் போகவே இல்லை. நாலு மஞ்சள் கடித உறைகளை அக்கா உடைக்காமல் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். "அவருக்கு வந்தது, ரஞ்சன். நான் எப்பிடி உடைக்கிறது?" ஐந்தாவதைத் தபால்காரன் கையெழுத்து வாங்கிக் கொடுத்தபோதுதான் எனக்குச் சொன்னார். நீங்கள் நேரில் வரவேண்டும் என்று அதில் இருந்தது. இறப்புச் சான்றிதழைக் காட்டிவிட்டு வருவோம் என்று விசாரணை நாளன்று அக்காவும் எங்களோடு வந்தார்.

காலை பத்து மணி. ஊரெல்லாம் பனிப்புகார். நீதிமன்ற நடையில் நாங்கள் ஐந்து பேர் நீண்ட மர வாங்கில் இருந்தோம். ஒலிபெருக்கி கரகரத்து, "ஹெர் கந்தையா" என்று கூப்பிட்டது. இந்த நாட்டுத் தாள்களில் உங்கள் அப்பாவின் பெயர்தானே உங்கள் பெயர். ஒருவரும் எழும்பவில்லை. திரும்பவும் "ஹெர் கந்தையா". அக்கா நடையின் அந்தப் பக்கக் கதவைப் பார்த்தார். ஏனோ நானும் பார்த்தேன்.

நீதிபதி ஒரு பெண், நரைத்த தலை, மெதுவான குரல். ஒன்றியத்தின் புதுச் செயலாளர் கிருபா அண்ணை தெற்கிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்திருந்தார். கூட்டத்தில் கையெழுத்திட்ட மூலத்தாளை அன்றுதான் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார்.

"இந்தக் கழகத்தின் பிரதிநிதி கூட்டத்துக்கு வந்தாரா?" என்று நீதிபதி அவரைக் கேட்டார்.

"ஓம், வந்தவர். கந்தையா எண்டவர். கடைசி வரிசையில இருந்தவர். கறுப்பு யாக்கெற், மீசை. ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. நான் கண்ணால கண்டனான்."

நீதிபதி தாளை அக்காவிடம் நீட்டச் சொன்னார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாலைத் தொட்டார். அந்தப் புள்ளியைத் தொட்டார்.

"இவற்ற கையெழுத்துத்தான்."

எங்கள் வழக்கறிஞர் எழும்பி இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். நீதிபதி இரண்டு திகதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கிருபா அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பனியில் செத்த யோகன் என்று அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். தாளில் இருந்த கந்தையாவும் யோகனும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியாது.

"கடவுளாணை, நான் கண்டனான்," என்றார். தமிழில்தான் சொன்னார், எங்களைப் பார்த்து.

செத்தவர் சம்மதம் கொடுக்க முடியாது, கையெழுத்தை யார் இட்டது என்பதை அரச வழக்குத் தொடுநர் விசாரிக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டு நீதிபதி பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

வெளியே வந்ததும் ஜெயம் என் தோளைப் பிடித்தான். "வெண்டிட்டம்! கிருபா கள்ளக் கையெழுத்து வைச்சு மாட்டுப்பட்டிட்டார்."

கிருபா அண்ணை யன்னலோரம் தனியாக நின்றார். சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி முறிந்தது. நான் கிட்டப் போனேன். "தம்பி, என்ர வதிவிட விண்ணப்பம் இன்னும் முடிவாகேல்லை," என்றார். "ஒரு குற்ற வழக்கு எண்டால் அதோட சரி. மனிசியும் பிள்ளையளும் கொழும்பில காத்துக்கொண்டிருக்கினம். ஆனா நான் பொய் சொல்லேல்லை. அந்த ஆள் இருந்தவர்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். அன்று நான் யாக்கெற் போடவில்லை. மீசையும் எடுத்திருந்தேன். "உம்மை எங்கயோ..." என்று தொடங்கி விட்டுவிட்டார்.

வாங்கில் அக்கா நிமிர்ந்து இருந்தார். உங்களைப் புதைத்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் காணவில்லை.

"பாத்தியே, ரஞ்சன்? கூட்டம் எண்டு எழுதி வைச்சவர், போயிருக்கிறார். அங்க மட்டும் போய் இருந்திருக்கிறார். ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம். அவர் அப்பிடித்தானே?"

நான் என்ன செய்திருக்க வேண்டும், அண்ணை? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கழகம் வென்றிருக்கும். அக்காவுக்கு நீங்கள் வந்துபோன மனிதராக இருந்திருப்பீர்கள். மாட்டுப்பட்டுப் போவது கிருபா அண்ணை ஒருவர் மட்டும்தான். அவரை எனக்குப் பழக்கம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிடமும் அக்காவின் பக்கத்தில் இருந்து அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்ததும் நான்தான் முதலில் உள்ளே போனேன். மொழிபெயர்ப்பாளர் வர முன்னமே எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "அது நான். அவருடைய யாக்கெற். கையெழுத்து நான் வைத்தது."

நீதிபதி ஒரு வெள்ளைத்தாளும் பேனையும் தந்து, வைத்துக் காட்டச் சொன்னார்.

வரவில்லை, அண்ணை. ஐந்து தரம் வைத்தேன். ஏழு வருசம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த கையெழுத்து. வால் கோணியது, புள்ளி வேறு எங்கேயோ விழுந்தது. ஆறாவது தரம் பேனையை வைத்ததும் நீதிபதி போதும் என்றார். இரண்டு தாள்களையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "ஒத்துப்போகவில்லை," என்றார். ஆனால் நான் இருந்த கதிரை, தூக்கிய கை, பக்கத்தில் இருந்தவர் சொன்ன வார்த்தை எல்லாம் சொல்லச் சொல்ல, கிருபா அண்ணை "ஓம், ஓம், இவர்தான்!" என்று அழுதுவிட்டார். அதற்குப் பிறகு நீதிபதி என்னை நம்பினார்.

நான் நம்புகிறேனா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

வழக்கு இணக்கத்தில் முடிந்தது. கட்டணத்தில் பாதியைத் தவணையாகக் கட்டவேண்டும், ஒன்றியம் எங்களை உடனே விடவேண்டும். கிருபா அண்ணைமேல் ஒன்றும் எழுதவில்லை. என்மேல் விசாரணைக் கடிதம் ஒன்று வந்தது. இரண்டு மாதத்தில் அதையும் மூடிவிட்டார்கள். ஜெயம் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. "வெண்ட வழக்கைத் தோற்கடிச்ச விசரன்" என்று பொடியள் மண்டபத்தில் எனக்குக் கேட்கத்தான் சொன்னார்கள். செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். கிருபா அண்ணையின் மனிசியும் பிள்ளைகளும் சித்திரையில் வந்து சேர்ந்தார்களாம். தொலைபேசியில் சொன்னார்.

அக்காவைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் இறங்கும்போது மட்டும், "அப்ப அவர் வரேல்லையோ?" என்றார். "இல்லை அக்கா, நான்தான்," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு மாதக்கணக்காக அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குச் சோறு போட்டார், சுகம் கேட்டார். நான் அவரிடமிருந்து எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூப்பிட்டார். தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு என் முன்னால் இருந்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தன், ரஞ்சன். கூட்டத்துக்கு அவர் வரேல்லை. வீட்டுக்கும் வரேல்லை. நான் ஒவ்வொரு நாளும் கதவைப் பாத்தனான், எனக்குத் தெரியும். அப்ப அவர் இன்னும் அங்கதான் நிக்கிறார். அந்த ரோட்டில. கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு."

நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பனி உருகிக் கிடந்த அந்த இடம் கண்ணுக்குள் வந்தது.

"எனக்கு ஒருத்தரும் அந்த இடத்தைக் காட்டேல்லை. நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்குச் சொல்லவேணும், பொடியள் இப்ப தூர ஓடுறேல்லை, விளையாடி முடிஞ்சு நேரத்துக்கு வீட்டை வருகினம் எண்டு. அதைச் சொன்னால்தான் அவர் அங்கயிருந்து வெளிக்கிடுவார்."

சனிக்கிழமை விளையாட்டு இல்லை. விடியவே வெளிக்கிடுகிறோம். முன் இருக்கையில் அக்கா இருப்பார், பின் இருக்கையில் ஒன்றும் ஏற்றமாட்டேன். வளைவுக்கு முன்னமே மெதுவாக்குவேன். இந்த முறை உங்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போகமாட்டேன், அண்ணை. இது சத்தியம்.

உங்களோடு கூடப்பிறக்காத தம்பி,
ரஞ்சன்