காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்

5.4.1983, செவ்வாய்

மாயாண்டியின் மகள் வள்ளிநாயகியின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வெட்டிவிட்டார்கள். மம்பாவு ஊருக்கு அப்பால் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு இன்று சேலை மூட்டையோடு போனபோது அவள் அம்மா பஞ்சாலை சொன்னாள். அழவில்லை. அடுத்த மாதம் புல்வெட்டு வேலைக்கு மண்டோர், வேலையாட்களை மேய்க்கிற கங்காணி, அவளைச் சேர்த்துக்கொள்கிறாராம். சொல்லிக்கொண்டே நான் விரித்த மெல்லிய வாயில் துணிச் சேலையைத் தடவிப் பார்த்தாள். பெண்ணுக்கு வயது பதின்மூன்று.

நல்ல விற்பனை. வேனை ஓட்டி வரும்போது சந்தோஷம் இல்லை.

8.4, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பிப்ரவரியில் அந்தப் பெண் பெரிய மனுஷியானாள். பதினாறு நாள் வீட்டோடு வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். சடங்குச் சேலை என்னிடம்தான் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது என்று பஞ்சாலை கேட்டாள். ஆண் வாத்தியாரிடம் இதையா சொல்வார்கள்? "காய்ச்சல்னு சொல்லச் சொல்லு, முடிஞ்சுது" என்றேன். சேலைக்கு முந்தானை அளந்துகொண்டே, யோசிக்காமல்.

திரும்பிப் போனவளிடம் வாத்தியார் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரெஸரின் மருத்துவச் சீட்டைக் கேட்டிருக்கிறார். இல்லாத காய்ச்சலுக்கு ஏது சீட்டு? அவள் படித்தது புகுமுக வகுப்பு. தமிழ்ப் பள்ளியில் ஆறாவது முடித்தவர்களை மலாய் பழக ஒரு வருடம் உட்காரவைக்கும் வகுப்பு. பதில் சொல்ல மலாயும் வரவில்லை. பொய் சொல்கிறாய் என்று எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டார். பையன்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கடிதம் வந்து கிடந்தது. மூன்றாவது, பெயரை வெட்டியதாக.

அப்போ பொய் யாருது? என்னுதுதானே.

10.4, ஞாயிறு

மாயாண்டியைப் பார்த்து, உண்மையை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முடியாது என்கிறான். "கண்டவன் படிக்கிற கடுதாசில எம் மவ சமாச்சாரத்த எழுதறதா, அக்கா? அவ புல்லே வெட்டட்டும்."

கோபம் வந்தது. பிப்ரவரியில் நான் நினைத்ததும் இதுதானே, எந்த வாயால் திட்டுவது?

வள்ளி அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"போனா மறுபடியும் கேப்பாங்க அத்தை. பதினாறு நாளு எங்க இருந்தேன்னு. நா என்னான்னு சொல்றது?"

படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சேலை வேண்டாம் என்பவள் துணியைக் கீழே வைத்துவிடுவாள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். இவளுடைய பள்ளிச் சீருடை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்குகிறது.

12.4, செவ்வாய்

நாளை பள்ளிக்கூடத்துக்கு எதைக் கட்டிப் போவது என்று அரைமணி நேரம் தேடினேன். சேலை விற்கிறவளுக்கு வந்த கேடு!

13.4, புதன்

கடிதம் இல்லாமலே பஞ்சாலையை அழைத்துப் போனேன். பெரிய வாத்தியாரைக் கேட்கவில்லை. பெண் டீச்சர் யாராவது வேண்டும் என்றேன். ரொஹானா என்று ஒரு மலாய் டீச்சர் வந்தார். சந்தையில் பழகிய என் பசார் மலாயில் மெதுவாகச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டோமே என்றார். காய்ச்சல் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். இனிமேல் சேலை மட்டும் விற்கச் சொன்னார்.

கடிதம் தேவையில்லை, பெரிய வாத்தியாரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்டார். பஞ்சாலைக்குப் புரிந்த மலாய் அது ஒன்றுதான். நான் வாய் திறக்குமுன் தமிழிலேயே சொன்னாள்:

"வள்ளிநாயகி, டீச்சர். வள்ளின்னு கூப்புட்டா வந்துரும்."

16.4, சனி

பெயரைத் திரும்ப எழுதிவிட்டார்கள். கையெழுத்துக் கேட்கவில்லை என்றதும் மாயாண்டி சரி என்றான். மண்டோரிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டான்.

18.4, திங்கள்

போனாள். முன்வரிசையில், இன்னொரு தோட்டத்துப் பெண் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

பேசி முடித்தது இது. விட்டுப்போன பாடத்துக்குத் திங்களும் புதனும் மூன்று மணி வரை டீச்சர் தனியாகச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகளை ஏற்றிப் போகும் தோட்டத்து லாரி ஒன்றரைக்கே போய்விடும்; ஆகவே ஆண்டுக் கடைசிப் பரீட்சை வரை என் வேன்தான். அந்த நாட்களில் போகும் சுவா ஊர்ப் பக்கத்து வியாபாரம் வெள்ளிக்கு மாறுகிறது. வழியில் அன்று படித்ததை எனக்கு மலாயில் சொல்ல வேண்டும் என்றேன். அதற்கு அவளும் இரண்டு நிபந்தனை போட்டாள்: பள்ளி வாசலில் நின்று ஹாரன் அடிக்கக் கூடாது, சேலை மூட்டை வெளியே தெரியக் கூடாது. இரண்டுக்கும் சரி என்றேன்.