இறக்கத்தில் நாலு சக்கரம்

மச்சான்,

நேற்று சாயங்காலம் உங்கள் வண்டி விஜயநகரில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. ஓட்டி வந்தது உங்கள் மகள். எங்கள் தெரு குறுகல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் கேட்டுக்குள் நுழைய முடியும். அவள் ஒடித்தபோது வண்டிக்கு அடியில் ஏதோ முனகியது. பின் சக்கரங்கள் தரையோடு மல்லுக்கட்டுவதுபோல விட்டு விட்டு இழுத்தன. அவள் கதவைத் திறப்பதற்குள் நெடி வந்துவிட்டது. சூடேறிய கியர் ஆயில், கருகின பூண்டு மாதிரி. அந்த நெடியில் உங்கள் ஞாபகம் வந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குனிந்து பார்த்தேன். பின்பக்க இடது டயர் மட்டும் புத்தம் புதிது. மற்ற மூன்றும் தேய்ந்தவை.

"ஒரு டயர் மட்டும் மாத்தினயா கண்ணு?"

"ஒண்ணுதானே மாமா கிழிஞ்சுது. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு, அல்வா?" என்று வழக்கம்போல் கன்னடத்தில் முடித்தாள்.

என் வண்டியில் முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அதில் இப்படிச் செய்தால் ஓரளவு சமாளிக்கலாம். நாலும் இழுக்கிற உங்கள் வண்டியில் முடியாது. தேய்ந்த டயரைவிடப் புது டயர் கொஞ்சம் பெரிது, அதனால் மெதுவாகச் சுற்றும். சக்கரம் ஏதோ வழுக்குகிறது என்று வண்டி நினைத்துக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் பலத்தைப் பங்கிடும் கப்ளிங்கை ஓயாமல் வேலை வாங்கும். ஆயில் கொதிக்கும். மாற்றினால் நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வண்டி வாங்கிய வாரமே கையேட்டில் அந்தப் பக்கத்தை மடித்து உங்களிடம் கொடுத்தேன். கண்ணாடி துடைக்கிற துணியோடு டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினீர்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு அமாவாசை மாமா. அம்மாவைக் கூட்டிட்டு மாதேஸ்வரன் மலைக்குப் போறேன். வந்து பாத்துக்கலாம். சும்னே பயப்படுத்தாதீங்க. எவ்ளோ மழை வந்தாலும் இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, நாலு வீலும் இழுக்கும்னு அப்பா சொல்லுவாரு."

வார்த்தை உங்களுடையது மச்சான். தலையை ஒரு பக்கம் சாய்ப்பதுகூட உங்களுடையது.

அந்த வண்டியை நீங்கள் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மஞ்சள் வியாபாரி, மழை என்று பார்த்தால் முடியாது. ஹனூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சரக்குப் பார்க்க வேண்டும். ஒரு ஐப்பசியில் என் வண்டி சேற்றில் முன் சக்கரம் புதைந்து நின்றது நினைவிருக்கிறதா? மிதிக்க மிதிக்கச் சேறுதான் பறந்தது. நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள், கயிற்றைக் கட்டினீர்கள். உங்கள் வண்டி கொஞ்சம் தயங்கியது. பின் சக்கரங்களுக்குப் பலம் போய்ச் சேர்ந்த மறுகணம், பிடி கிடைத்து என்னை இழுத்துப் போட்டது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு கத்தினீர்கள்: "மாப்ளே, உன்ற வண்டி ஆடு மாதிரி. முன்னால நின்னு ஒருத்தன் இழுத்தாத்தான் வரும்."

சேற்றிலும் ஏற்றத்திலும், ஈரத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதிலும் அதற்கு ஈடு கிடையாது. இதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அது கூடுதல் கனம், பெட்ரோலைக் கூடக் குடிக்கும், ரிப்பேர் வந்தால் லேசில் விடாது என்று நான் சொன்னதை நீங்களும் மறுக்கவில்லை. நம் சண்டை இதிலெல்லாம் இல்லை. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது, இழுக்கிற சக்கரம் அதிகமானால் நிற்கிற பலம் அதிகமாகாது என்றேன். அதை மட்டும் நீங்கள் கேட்கவேயில்லை.

வண்டி முட்டின அன்றைக்கும் மலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தோம். தூறல். அக்கா உங்கள் பக்கத்தில், நான் பின்னால். கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. "கியரைக் கொறைங்க மச்சான்" என்றேன். "ஏறறப்ப இழுத்த வண்டி எறங்கறப்ப உட்டுருமா மாப்ளே?" என்றீர்கள். அடுத்த வளைவில் விட்டது. நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள், வண்டி நேராகவே போனது. தடுப்புச் சுவர் இருந்ததால் இன்று இந்த மடல். அக்காவின் இடது முழங்கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவேயில்லை.

"எவனோ ரோட்டுல டீசலைக் கொட்டிட்டுப் போயிருக்கான்" என்றீர்கள். கடைசிவரை அதையே சொன்னீர்கள். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைப் பார்த்தீர்கள். எட்டாம் வகுப்போடு நின்று, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியைக் கற்றவன் நான். எனக்குப் பாராட்டு வேண்டாம். "நீ சொன்னது சரி" என்று ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. வரவில்லை. நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது.

நேற்று உங்கள் மகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாற்றுச் சாவியைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குளிக்கப் போய்க் காவேரிக்குக் கொடுத்துவிட்டீர்களே. அவள் சத்தம் போட்டாள். "அப்பா இருந்தப்பவும் இதே சண்டை. இன்னும் விட மாட்டீங்களா?" ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

இன்று காலை அக்கா வந்தாள். வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உட்காரவில்லை.

"சாவியைக் குடு."

"நாலு டயரும் மாத்தட்டும். கப்ளிங்கைப் பாக்கட்டும். குடுக்கறேன்."

"அவுரே போயிட்டாரு. இன்னும் யாரைடா செயிக்கப் பாக்கறே?"

நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். அவள் குரலை இறக்கினாள்.

"அன்னிக்கு முட்டினதுக்கு அப்பறம், அவுரு அந்த மலையில ரெண்டாவது கியருக்கு மேல எறங்கினதே இல்ல. தெரியுமா உனக்கு? பின்னால நிக்கறவன் ஹாரன் அடிச்சுக் கொல்லுவான். அப்பவும் மெதுவாத்தான் எறங்குவாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னாரு. தெரிஞ்சா உன்ற தம்பி என்னய நிம்மதியாத் தூங்க உடமாட்டான்னாரு."

இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அதுதான் மச்சான். அது வந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. வேறொன்று உறைத்தது.

"மகளுக்குத் தெரியுமா?"

அக்கா முந்தானையைச் சரிசெய்தாள். "அவகிட்ட எங்க சொன்னாரு. அவ முன்னால எப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதான்."

"அப்ப நீ சொல்லு."

"அவ அப்பனைப் பத்தி நான் போய் என்னன்னு சொல்றது?" என்றாள். சாவி வாங்காமலே படியிறங்கினாள். அம்மாவும் மகளும் பஸ்ஸில் மலைக்குப் போயிருக்கிறார்கள். அமாவாசைக் கூட்டத்தில் அந்த முழங்காலோடு பஸ் படி ஏறினாள் என்றால் அதற்குக் காரணம் நான். பழியை என்மேல் போடட்டும், இறங்கி வர மாட்டேன்.

எனக்குச் சொல்லாதது போகட்டும். இரண்டாவது கியரில், ஊரே ஹாரன் அடிக்க, பயந்து பயந்து இறங்கிய அந்த மனிதரை உங்கள் மகளுக்கு நீங்கள் காட்டியிருக்கலாம். நான் சொன்னால் பொறாமைக்கார மாமன் பேச்சு. நீங்கள் ஒரு தரம் சொல்லியிருந்தால் அவள் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. உங்கள் வண்டி வாசலில் நனைகிறது. அவள் வந்து கேட்பாள். முட்டினதுக்குப் பிறகு நீங்கள் அந்த மலையில் எப்படி இறங்கினீர்கள் என்பதையும் அவளிடம் சொல்வேன், நம்பினாலும் நம்பாவிட்டாலும். அதுவரை சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது.