ஓரகத்தி அனுப்பிய கிம்ச்சி ஃபிரிட்ஜ்

அக்டோபர் 28, திங்கள்

என் தையல் கடையில் ஒரு பாவாடைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "வீட்ல யாராவது இருக்கீங்களா? ஃபிரிட்ஜ் கொண்டு வந்திருக்கோம்" என்றது ஓர் ஆண் குரல். நான் எதுவும் வாங்கவில்லை, விலாசம் மாறியிருக்கும் என்றேன். அவர் என் பெயரைச் சொன்னார், யாங்நிம் என்று. மாடியைச் சொன்னார். அனுப்பியது ஹேரான் என்றார்.

ஹேரான் என் ஓரகத்தி, இவருடைய தம்பி தேசிக்கின் மனைவி. தேஜோன் நகரத்தில், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறாள்.

பாவாடையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். நான்கு கதவு வைத்த கிம்ச்சி ஃபிரிட்ஜ், முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கென்றே செய்தது. சந்தன நிறம். அதன் பக்கத்தில் எங்கள் பழைய ஃபிரிட்ஜ் அநாதையைப் போல நின்றது. கொண்டு வந்தவர்கள் போனதும் நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். மூடும்போது 'பொத்' என்று ஒரு மெத்தென்ற சத்தம். மறுபடியும் திறந்து மூடினேன். யாரும் பார்க்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. எதற்கு? என் பிறந்தநாள் வசந்த காலத்தில். அறுவடைத் திருநாள் போன மாதமே முடிந்தது. அதற்கு ஒரு பெட்டி பேரிக்காய் கொடுத்துவிட்டாள்.

போன் செய்தேன்.

"வந்துடுச்சா அக்கா? பிடிச்சிருக்கா?"

"ஏம்மா, எதுக்கு இது?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது ஃபிரிட்ஜ் வாங்கித் தருவாங்களா?"

"நான் தருவேன். வண்டியில ஆள் உக்கார்ந்திருக்கு, அப்புறம் பேசறேன்."

சும்மாவாம்.

அக்டோபர் 29

இவர் துறைமுகத்திலிருந்து வந்ததும் ஃபிரிட்ஜைத் தட்டிப் பார்த்தார். "குடுத்தா வாங்கிக்கோயேன். உனக்கு எதையுமே அனுபவிக்கத் தெரியாது" என்றார். அதன் கீழ் அறையில் பீர் வைக்கலாமா என்று கேட்டார். பிளக்கைச் சொருகப் போனவரைத் தடுத்துவிட்டேன். மின்சாரம் கொடுத்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

அக்டோபர் 31

கீழ்வீட்டு மால்சுக் அக்கா பார்க்க வந்தார். கதவுகளைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, "கிழவி வரப்போறா" என்றார்.

"எந்தக் கிழவி?"

"எந்தக் கிழவியா? உன் மாமியார்தான். ஃபிரிட்ஜ் முன்னாடி வரும், மாமியார் பின்னாடி வருவா. எங்க அண்ணி வீட்டுக்கு இப்படித்தான் ஒரு மசாஜ் நாற்காலி வந்துச்சு. அடுத்த மாசம் மாமனார் வந்து அதுல உக்கார்ந்தாரு. இன்னும் எந்திரிக்கல."

சிரித்தேன். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தை இத்தனை வருடமாக இளைய மகன் வீட்டில்தான் இருக்கிறார். மூத்த மருமகள் நான் இருக்க அங்கே இருக்கிறாரே என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

ஹேரான் போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுகிறவள் இல்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது, முட்டைக்கோஸ் இந்த வருடம் நன்றாக இருக்கிறது என்று ஏதேதோ பேசினாள். வைக்கப் போகும்போது —

"உங்க சின்ன ரூம்ல வெயில் வருமா அக்கா?"

"வரும். எதுக்குக் கேக்குற?"

"சும்மா."

நவம்பர் 4

வெயில் வராது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

பால்கனியில் துணி எடுக்கப் போனேன். இவர் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "அவகிட்ட இன்னும் சொல்லலடா" என்றார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

"தேசிக்கா?"

"ஆமா."

"என்னத்த சொல்லல?"

"ஒண்ணுமில்ல."

முப்பது வருடமாக இந்த மனுஷனின் 'ஒண்ணுமில்ல'வோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஒண்ணுமில்லவுக்குள்ளும் ஏதாவது இருந்தே தீரும்.

அண்ணனும் தம்பியும் பேசி முடிச்சாச்சு. ஓரகத்தி சாமான் அனுப்பிட்டா. கடைசியில கிழவி ஒரு பையைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க, நான் வாசல்ல நின்னு வாங்க அத்தைன்னு சொல்லணும். கேட்டா யோசிக்க மாட்டேனா? என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? நான் என்ன கல்லா?

கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேனா?

தெரியவில்லை. இல்லை, தெரியும். அந்தச் சின்ன அறையில் என் இஸ்திரி மேசையும் துணிக்கட்டுகளும் இருக்கின்றன. இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் தனியாக இருக்கிற ஒரே இடம் அதுதான். அத்தை வந்தால் என் கடற்பாசி சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைப்பார். எதுவும் சொல்ல மாட்டார். வைக்கிற விதத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவார்.

நவம்பர் 13

ஃபிரிட்ஜ் கடைக்குப் போன் செய்து கேட்டேன். பிளக் சொருகாமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் வாங்கியவர் சொல்ல வேண்டுமாம். நேரில் போய் அவளையே சொல்ல வைக்கிறேன்.

நவம்பர் 16, சனி

இவரிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தேஜோன் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஜன்னலோரத்துப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், உதடு அசைந்திருக்கும்.

கதவைத் திறந்தது அத்தை.

"வா, பெரியவளே. நீயும் சண்டைக்கா? வரிசையில நில்லு" என்றார்.

உள்ளே போனால் வீடு பாதி காலி. சுவரோரம் அட்டைப் பெட்டிகள். ஹேரான் தரையில் மண்டியிட்டு ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். சரிதான், கிழவியின் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது.

"அத்தையை எங்க வீட்டுக்குத் தள்ளிவிடத்தானே அந்த ஃபிரிட்ஜ்? நேரா கேட்டா என்ன? நான் கடிச்சா வச்சிடுவேன்?"

அத்தை எதிரில்தான் கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்; எங்கள் பேச்சு நன்றாகக் கேட்கத்தான்.

ஹேரான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது என் சாமான். நானும் அவரும் பிரியறோம்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் நிதானமாகச் சொன்னாள். மகள் கல்லூரிக்குப் போனதும் இவர்களுக்குப் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதாம். ஒருவரை ஒருவர் திட்டக்கூட இல்லையாம். "கோர்ட்ல இன்னும் ஒரு மாசம் யோசிச்சுட்டு வாங்கன்னாங்க. நாங்க வருஷக்கணக்கா யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்னு சொன்னேன். சட்டம்னுட்டாங்க." என் வீட்டுக்காரருக்கு முதலிலேயே தெரியுமாம். குளிர்காலக் கிம்ச்சி வேலை முடியும்வரை என்னிடம் சொல்ல வேண்டாம், மனசு ஒடிந்துவிடுவேன் என்றாராம்.

"அப்போ ஃபிரிட்ஜ்?"

"போன வருஷம் எல்லாரும் சேர்ந்து கிம்ச்சி போடறப்ப சொன்னீங்களே. 'எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா புத்தாண்டுக்குள்ள புளிச்சுப் போயிடுது'ன்னு."

சொல்லியிருப்பேன். மிளகாய்ப்பொடி விழுதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லியிருப்பேன். இந்தக் குடும்பத்தில் நான் சொல்கிறதை ஒருவர் காதில் வாங்கி, ஒரு வருடம் வைத்திருப்பார் என்று எப்படி நினைப்பேன்?

"எல்லாம் முடிஞ்சப்புறம் குடுத்தா, யார் குடுத்ததுன்னு சொல்லி வாங்கிப்பீங்க? ஓரகத்தியா இருக்கும்போதே குடுத்துடணும்னு தோணுச்சு" என்றாள்.

ஆனாலும் விடவில்லை நான். "சின்ன ரூம்ல வெயில் வருமான்னு கேட்டியே, அது?"

அவள் முகம் சிவந்தது. "அது நீங்க நெனச்சதுதான். நான் போயிட்டா அத்தை எங்க போவாங்கன்னு... அதான் கேட்டேன். ஆனா இவங்க —"

"நான் எங்கயும் போகல" என்றார் அத்தை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவ எங்க போறாளோ அங்க போறேன். இக்சான்ல வேலை கிடைச்சிருக்காம். போவோம்."

"அத்தை, அவ இனிமே உங்க மருமக இல்லையே" என்றேன்.

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல."

பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயந்தது நடக்கவில்லை. சின்ன அறை எனக்கே. பின்னே எதற்கு அழுதேன்? வரப்போகிறார் என்று இரண்டு வாரம் பொருமினேன். வரமாட்டேன் என்று சொன்னதும் இப்படி வலிக்கிறதே.

நவம்பர் 17

இவர் கத்தினார். "ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்க இருக்கோம். அத்துக்கிட்டுப் போறவகூட அம்மா போய் இருப்பாங்களா? ஊர்ல எப்படித் தலை நிமிந்து நடக்கறது?"

"போய்க் கூப்பிடுங்க" என்றேன்.

நவம்பர் 20

போனார். தனியாக வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை சொன்னாராம்: "உன் பொண்டாட்டிக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவளை அவ்வளவா பிடிக்காது. அதுல தப்பு ஒண்ணுமில்ல. இவளுக்கு என்னைப் பிடிக்கும். சாகறவரைக்கும் பிடிச்ச ஆள்கூட இருந்துட்டுப் போறேனே."

அவ்வளவா. அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 22

மால்சுக் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. "யாராவது சும்மா ஒரு கிழவியைக் கூட்டிட்டுப் போவாங்களா? உங்க மாமியார் பேர்ல எங்கயாவது நிலம் இருக்கும், விசாரி."

விசாரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். சாப்பிடும்போது விசாரித்துவிட்டேன்.

"நிலமா?" என்றார் இவர். "அம்மா பேர்ல இருக்கறது முழங்கால் வலி மட்டும்தான்."

கொஞ்ச நாளில் முதல் முறையாகச் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிளக்கைச் சொருகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 27

நானே ஹேரானுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை கிம்ச்சி போடுகிறேன், வா என்றேன். வரலாமா என்று கேட்டாள். "வரலாமான்னு கேக்கற பழக்கம் எப்பலேர்ந்து?" என்று அதட்டிவிட்டேன்.

நவம்பர் 30, சனி

வந்தாள். அத்தையும் வந்தார். உப்பில் ஊறிய முட்டைக்கோஸை நேற்றே கழுவி வடிய வைத்திருந்தேன். மால்சுக் அக்கா முள்ளங்கி சீவ வந்தார். உண்மையில் ஹேரானை நேரில் எடைபோட வந்தார். நாங்கள் தரையில் உட்கார்ந்து இலை இலையாக விழுதைத் தடவினோம். அத்தை நாற்காலியில். உள்குருத்து ஒன்றைப் பிய்த்து விழுதைச் சுருட்டி ஊட்டினேன். மென்றார். நாங்கள் மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

"உப்பு" என்றார்.

"கூடவா, குறைவா?"

"சரியாத்தான் இருக்கு. சொல்லக் கூடாதா?"

ஹேரான் குனிந்தபடியே சொன்னாள்: "வியாழக்கிழமை கோர்ட்ல முடிஞ்சுது அக்கா." அவ்வளவுதான். நான் அவள் பக்கம் விழுதுச் சட்டியை நகர்த்தினேன்.

எல்லாம் அடுக்கும்போதுதான் அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். இக்சான் வீடு ரொம்பச் சின்னது. அத்தைக்குக் கட்டில் போட்டதும் இடமே இல்லை. அதனால் இந்த ஃபிரிட்ஜின் கீழ் அறையில் ஒரே ஒரு டப்பா அவளுடையதையும் வைத்துக்கொண்டால், வந்து வந்து எடுத்துக்கொள்வாளாம்.

"ஆக, இதுதான் விஷயம்!" என்றேன்.

"இதுவும்தான்" என்று சிரித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் மால்சுக் அக்கா, வெற்றியோடு.

பிளக்கைச் சொருகினேன். நான்கு கதவுக்குள்ளும் விளக்கு எரிந்தது. கீழ் அறை முழுவதையும் அவளுக்கே ஒதுக்கினேன். பீர் வெளியே.

டிசம்பர் 19

ஹேரான் வந்து ஒரு டப்பா எடுத்துப் போனாள். என்னிடம் தேநீர் குடிக்க நேரமில்லை என்றாள், குடித்தாள்.

ஜனவரி 25, சந்திரப் புத்தாண்டு

காலையில் தேசிக் வந்தான். முன்னோர் படையலுக்கு அண்ணனும் தம்பியும் குனிந்து வணங்கினார்கள். அரிசிக் கேக் சூப்பைத் தலை நிமிராமல் குடித்தான். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டான். அவரிடமே கேள் என்றேன். கிளம்பிவிட்டான், ஆனால் அத்தைக்கென்று ஒரு கம்பளிப் போர்வையை நாற்காலியில் விட்டுவிட்டுப் போனான்.

மதியம் இக்சான் போனோம். மூன்றாவது மாடி, படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நான் போர்வையும் சூப்புப் பாத்திரமும் வைத்திருந்தேன், இவர் பழப்பெட்டி. ஹேரான் கதவைத் திறந்ததும் இவர் வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை வருடம் தம்பி மனைவி என்ற முறையிலேயே கூப்பிட்டவர்; இப்போது அந்த முறை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கழுத்து வரை சிவந்து, பழப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஹேரானும் உதவிக்கு வரவில்லை. அவளும் காத்துக்கொண்டுதான் நின்றாள்.

"டீச்சர்" என்றார் கடைசியில், தலை குனிந்து. "புத்தாண்டு வாழ்த்துகள், டீச்சர்."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் ஆயிற்றே, தப்பில்லை. அவளும் தலை குனிந்து வாழ்த்துச் சொன்னாள். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று.

"எவ்வளவு நேரம் குனிஞ்சுட்டே நிப்பீங்க?" என்றது உள்ளேயிருந்து அத்தையின் குரல். "குளிர் உள்ள வருது. பெரியவளே, அந்தக் கதவைச் சாத்து."

எல்லோரையும் உள்ளே விட்டு, நான்தான் சாத்தினேன்.