அத்தா கையெழுத்துப் போட்ட தோள்

கடையைப் பூட்டிய பிறகும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் என் அத்தாவுக்கு,

ஸலாம். பெரிய மார்க்கெட் பக்கத்தில் நம் துணிக்கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் விழுந்த ஏணியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அதற்கும் திட்டு விழுந்திருக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மேல்தட்டில் இருந்த லுங்கிக் கட்டை இழுத்தவன், ஏணியோடு சாய்ந்து வலது தோள் தரையில் மோத விழுந்தேன். ஆபரேஷன் என்ற பேச்சையே நீங்கள் எடுக்கவிடவில்லை. "கீறிட்டா அப்புறம் கை வெளங்காதுடா" என்று கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனீர்கள். அவர் முட்டை வெள்ளையைத் தடவி, மூங்கில் பத்தை வைத்து, முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். உடைந்திருந்ததோ அதற்கும் மேலே, தோள்மூட்டில். வீங்கிய கையில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பத்து நாளாகியும் கையை அசைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், "இது கட்டு நிக்கிற எடமில்லைங்க. பந்து மாதிரி இருக்குற எலும்பு மூணு துண்டா கெடக்கு. தகடு வச்சி ஸ்க்ரூ போட்டாத்தான் கை மேல வரும்" என்றார்.

வலது கை அசையாததால் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று நர்ஸ் சம்மதத் தாளை உங்களிடம் நீட்டினார். வாங்கிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டீர்கள். அன்றைக்கு உங்களுக்கு என்மேல் கோபமா, உங்கள்மேலேயே கோபமா?

தையல் பிரித்த வாரத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தெருவே தோள் மாற்றித் தூக்கிப்போனது. ஒரே மகன் நான், கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் பயிற்சி. விரலால் சுவரில் நடந்து ஏற வேண்டும், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சில சமயம் ஒரு வாரம் ஆனது. ரம்ஜானுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார் அம்மா. கை முழுசாக மேலே போகாது. தொழுகையில் தக்பீர் கட்டக் காது வரைக்கும் வந்தால் போதும், வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் காதர் மாமா மௌத்தானார். சந்தூக்கைத் தூக்கும்போது மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கு வேணாம்டா. ஸ்க்ரூ கழண்டுக்கப் போவுது."

வலது தோளையே கொடுத்தேன். தெருமுனை திரும்பும்வரை சுமந்தேன். வலித்தது, ஆனால் தாங்கியது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தோள் முதலில் சுமந்தது உங்களை அல்ல, அத்தா.

இனி நம் தெருவில் யாருடைய சந்தூக் புறப்பட்டாலும் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். பூட்டை இரண்டு தரம் இழுத்தும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
அன்று வெறுமனே பக்கத்தில் நடந்துவந்த உங்கள் மகன்,
ரஹீம்